குழுக் கணக்கும் சொந்தக் கணக்கும்

பழனியை ஒட்டி மலையடிவாரத்தில் இருக்கும் பாலசமுத்திரம் ஒரு பேரூராட்சி. அதனால் நூறு நாள் வேலைத் திட்டம் அங்கே வந்ததில்லை. அது கிராம ஊராட்சிகளுக்கு மட்டும்தான். கிராமங்களில் கூலிக்குப் போகும் பெண்கள் பலரை வங்கிப் படி ஏற வைத்தது அந்தத் திட்டத்தின் சம்பளம். அது எட்டாத இப்படிப்பட்ட ஊர்களில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுவின் தலையில் விழுந்தது. ஆகவே, பண விஷயத்தில் குழு நம் பெண்களுக்கு எதைக் கற்றுக்கொடுத்தது, எதை விட்டுவிட்டது என்று எடைபோட இப்படியோர் ஊரை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குழு பெண்களை நாணயமான கடனாளிகளாக ஆக்கியிருக்கிறது, பணத்துக்குச் சொந்தக்காரர்களாக இன்னும் ஆக்கவில்லை.

தமிழ்நாட்டில் மகளிர் குழு முறை 1989இல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் முயற்சியில் இறங்கியது. 1997-98இல் மாநில அரசின் மகளிர் திட்டம் வந்த பிறகு குழு இல்லாத தெருவைத் தேட வேண்டியதாயிற்று. இந்த வரலாற்றின் முகம் சின்னப்பிள்ளை. மதுரைப் பக்கத்துக் கூலிக்காரப் பெண், எழுதப் படிக்கத் தெரியாதவர், களஞ்சியம் குழுக்களை வளர்த்தவர். 2001இல் டெல்லி விருது மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ வந்தது. எழுத்து தெரியாமலே பணத்தை ஆளலாம் என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

குழுவின் பலத்தைப் பார்க்கக் கூட்டத்தில் உட்கார வேண்டும். பன்னிரண்டு முதல் இருபது பேர், யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை. ஊக்குநர் தீர்மான நோட்டை விரிப்பார். பிரதிநிதிகள் சந்தாவை எண்ணுவார்கள். அப்புறம் உள்கடன். ஒருத்திக்கு மகன் காலேஜ் பீஸ், இன்னொருத்திக்கு அடகிலிருக்கும் தோட்டை மீட்க வேண்டும். இருப்பதோ ஒருவருக்குத்தான் காணும். யாருக்கு முதலில் என்பதை அவர்களே பேசி, முகம் சுளித்து, கடைசியில் முடிவு செய்வார்கள். இரண்டு ரூபாய் வட்டி என்றாலும் அந்த வட்டி குழுவுக்கே திரும்பி வருகிறது. கந்துவட்டிக்காரன் பைக்குப் போவதில்லை. பலர் முன்னால் ‘எனக்குப் பணம் வேண்டும், இன்ன காரணம், இன்ன தேதிக்குள் கட்டுவேன்’ என்று வாய்விட்டுச் சொல்வது சின்னப் பயிற்சி அல்ல. வங்கி மேலாளர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேசும் துணிச்சல் அங்கிருந்துதான் வந்தது. குழுவைக் குறைசொல்லும் படித்தவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்த நோட்டை யார் எழுதுகிறார்கள் என்று கவனித்தால் முதல் ஓட்டை தெரியும். ஆண்டுக்கணக்கில் ஒரே கை. பொறுப்பாளர்களைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்பது விதி. ‘அவளுக்குத்தான் கணக்கு வரும்’ என்பது வழக்கம். மற்றவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள், போடும் இடத்தை அவளே விரலால் காட்டுகிறாள். ஒரு குழுவில் இரண்டு பேருக்குத் தைரியம் வந்து, மீதிப்பேருக்கு அந்த இருவர் மேல் நம்பிக்கை மட்டும் வந்திருந்தால், அதைப் பெண்களின் நிதித் தன்னம்பிக்கை என்று அரசு அறிக்கையில் எழுதலாம், நான் எழுதமாட்டேன்.

இரண்டாவது ஓட்டை பெரியது. கடன் பெண் பெயரில், செலவு வீட்டின் பெயரில். வங்கதேசத்தில் ஆன் மேரி கோட்ஸ், ரீனா சென் குப்தா இருவரும் செய்த ஆய்வு 1996இல் வெளியானது. பெண்கள் வாங்கிய கடன்களில் ஏறக்குறைய 37 சதவீதத்தில் மட்டுமே அவர்களுக்கு முழுமையான அல்லது கணிசமான பிடி இருந்தது என்றது அது. வங்கதேசத்துக் கணக்கை அப்படியே பழனி வட்டாரத்துக்குப் பொருத்திவிட முடியாதுதான். ஆனால் ஆட்டோ சீட்டு மாற்ற, போர் போட, மச்சான் கடனை அடைக்க என்று குழுக்கடன் போகும் வழி நமக்குத் தெரியாததல்ல. குடும்பம் வேறு தான் வேறு என்று நம் பெண்கள் பார்ப்பதில்லை என்பார்கள். இருக்கட்டும். தவணை நாள் வரும்போது மட்டும் அந்தக் குடும்பம் எங்கே போகிறது? அன்று கடனாளி அவள் ஒருத்திதான். இஸபெல் கெரான், சந்தோஷ் குமார், வெங்கடசுப்ரமணியன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களைப் பல ஆண்டு ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட நூலுக்கு ‘கடன்பட்ட பெண்’ என்ற பொருளில்தான் தலைப்பே வைத்தார்கள்.

குழு வருவதற்கு முன்பே பெண்ணுக்குச் சொந்தப் பணம் ஒன்று இருந்தது: சிறுவாடு. அரிசிப் பானைக்குள், சேலை மடிப்புக்குள், யாருக்கும் தெரியாத காசு. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது எத்தனையோ வீடுகளில் அது வெளிச்சத்துக்கு வந்து கணவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சிறுவாட்டுக்கு வட்டி இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஆனால் ‘இல்லை’ என்று சொல்லும் அதிகாரம் அதில் இருந்தது. குழுச் சேமிப்பு எல்லோருக்கும் தெரிந்த பணம். எவ்வளவு கடன் கிடைக்கும் என்பது அவளைவிட வீட்டிலுள்ளவர்களுக்கு நன்றாகத் தெரியும். மறுப்பது எப்படி என்பதைக் குழு கற்றுத்தரவில்லை.

குழு வளர்த்த, தவணை தவறாத கட்டுப்பாட்டைப் பார்த்துத்தான் வாராவாரம் தவணை வசூலிக்கும் வாரக்குழுக்காரர்களும் உள்ளூர் பைனான்ஸ்காரர்களும் தெருவுக்குள் நுழைந்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு, குழுவில் பழகிய மானத்தை அப்படியே ஈடாக எடுத்துக்கொள்கிறது. கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ‘ஒரு ரூபாய் வட்டிதான் அக்கா’ என்று 50,000 ரூபாயை 24 மாதத் தவணைக்குத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 500 வீதம் வட்டி 12,000, மொத்தம் 62,000, மாதத் தவணை 2,583 ரூபாய் சொச்சம். மனக்கணக்கில் சரியாகத்தான் வரும். ஆனால் ஓராண்டு முடியும்போது பாதி அசலைக் கட்டியாகிவிட்டது. வட்டியோ முழு 50,000க்கும் ஓடுகிறது. குறைந்துவரும் அசலுக்கு மட்டும் கணக்கிட்டால் அந்த ஒரு ரூபாய் உண்மையில் 1 ரூபாய் 80 பைசா, ஆண்டுக்கு 21.6 சதவீதம். ரூபாய் வட்டியை விரலில் எண்ணிச் சொல்லும் பெண்களிடம் இந்த ஒரு கணக்கை விளக்க அரைமணி நேரம் போதும். பயிற்சி வகுப்புகள் ஊறுகாயையும் சோப்புத்தூளையும் தாண்டி இங்கே வரவேண்டும்.

2023 செப்டம்பர் 15இல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை பெண்ணின் சொந்தக் கணக்குக்கே போகத் தொடங்கியது. குழு தராத ஒன்றை இது தந்தது: யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத வரவு. தொடக்கத்தில் சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அதிலேயே பிடித்தம் செய்ய, அரசு தலையிட வேண்டியிருந்தது. தன் கணக்கில் ஏன் குறைந்தது என்று கவுண்டரில் போய்க் கேட்டவர்கள் அந்த மாதத்தில் கற்றது பல குழுக் கூட்டங்களில் கற்றதைவிட அதிகம் என்பேன். பாஸ்புக்கைப் பெட்டியில் வைத்துவிட்டு ஏடிஎம் கார்டை மகனிடம் கொடுத்தவர்களும் உண்டு.

இதையெல்லாம் தாண்டி, உடைமை என்று வரும்போது குழு வாயே திறப்பதில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது. குழுக்கள் பிறந்த அதே ஆண்டு! இரண்டும் அக்கா தங்கைபோல் வளர்ந்திருக்க வேண்டும். குழுவில் லட்சக்கணக்கில் வரவுசெலவு பார்க்கும் பெண், சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்ணன் நீட்டும் விடுதலைப் பத்திரத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறாள். உறவு முறியக்கூடாது என்ற நினைப்பு. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. தெரிந்து விட்டுக்கொடுப்பது அவள் இஷ்டம். எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்றே தெரியாமல் விடுவது வேறு. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இந்தச் செய்தி எத்தனை தீர்மான நோட்டுகளில் ஏறியிருக்கும்?

குழுவைக் கலைக்கச் சொல்லவில்லை. கூட்டத்தில் கால்மணி நேரத்தை ஒதுக்கி, ஒவ்வொருவரும் தன் சொந்த பாஸ்புக்கைத் தானே படித்துச் சொல்லட்டும். நோட்டு ஆண்டுக்கொரு கை மாறட்டும். கடன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிகளின்படி, நுண்கடன் தரும் வங்கியும் நிதி நிறுவனமும் ஆண்டு வட்டி எவ்வளவு என்பதைக் காட்டும் விவரத் தாளை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கேட்கக்கூடாது, வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக்கூடாது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, ஆண்டு வட்டி எழுதிய வரியைப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.