மூட்டையின் அடிக்காய்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது, கம்பெனிக் கணக்குகளைப் பரிசீலித்து முதலீடு செய்வதில் நம் முதலீட்டாளர் சங்கத்தாருக்குள் வழங்கிவரும் வழிகளைப் பற்றி நான்கு பக்க அளவில் ஒரு கட்டுரை. எந்த வழியையும் உயர்த்தியோ தாழ்த்தியோ எழுதிவிடலாகாது என்பது சங்கத் தலைவர் அவர்கள் தொலைபேசியில் தனியாகச் சொன்ன வார்த்தை. முதல் வேண்டுகோளை நிறைவேற்ற முயல்கிறேன். இரண்டாவது, என் குரு அனந்தபுரத்து ஐயாவிடம் இருபத்துமூன்று வருஷம் சிவப்புப் பென்சில் பிடித்த ஒருவனுக்குச் சுலபமான காரியமன்று என்பதைத் தலைவரும் அறிவார். அறிந்தும் என்னையே எழுதச் சொன்னாரே, அதற்கு என் நன்றி.

வழிகளின் வரலாற்றை அங்கத்தினர்களுக்கு நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. சென்னை வழியினர் செகண்ட் லைன் பீச்சில், 1937-ல் புத்துயிர் பெற்று 2015-ல் விடைபெற்றுக்கொண்ட சென்னைப் பங்குச் சந்தையின் நிழலில் வளர்ந்தவர்கள். அவர்களுடைய முன்னோர் 1906-ல் அர்பத்நாட் கம்பெனி விழுந்ததையும், 1938-ல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கி கதவைச் சாத்தியதையும் கண்டவர்களாதலின், ஏட்டில் எழுதிய லாபத்தைவிடக் கையில் வந்த டிவிடெண்டே மெய் என்னும் சித்தாந்தத்தை அவர்கள் வரித்துக்கொண்டதில் வியப்பில்லை. கடன் வாங்கியும் டிவிடெண்டு கொடுக்கலாமே என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் பத்து வருஷம் தொடர்ந்து அப்படிக் கொடுக்க முடியாது என்பதை நாமும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கோவை வழியோ மில்லில் பிறந்தது. கதிர் எத்தனை, கதிர் ஒன்றுக்கு அடக்கம் என்ன, இதே மில்லை இன்று புதிதாகக் கட்டினால் எவ்வளவு ஆகும் என்று ஆஸ்தியிலிருந்து தொடங்குவது அவர்கள் முறை. இதே ஜாதி வாதம் ஒன்றை வைத்துக்கொண்டுதான் 1992-ல் பம்பாயில் ஹர்ஷத் மேத்தா ஏ.சி.சி. சிமெண்டுப் பங்கைப் பத்தாயிரம் ரூபாய் அளவுக்கு ஏற்றினார் என்றால், அது கோவைப் பெரியவர்கள் செய்த பிழையன்று. ஆங்கிலப் புத்தகத்தின் வழியே வந்த இளைஞர்கள் தங்களைத் தனி வழி என்று சொல்லிக்கொள்கிறார்கள்; 1934-ல் கிரகாமும் டாடும் எழுதியது பெரிய நூல்தான். அதை முழுவதும் படித்தவர்கள் நம் சங்கத்தில் இருவர். அவர்களுள் ஒருவர் இப்போது பெங்களூரில் மகன் வீட்டோடு இருக்கிறார்.

செட்டிநாட்டு ஐந்தொகையைத் தனியே எடுத்துச் சொல்லாததற்குக் காரணம், அது நம் திண்டிவனத்து மண்டி வழியின் தாய் என்பதே. ஐயா தம்முடைய பதினேழாம் வயதில் திண்டிவனத்து மணிலா (நிலக்கடலை) மண்டி ஒன்றில் கணக்கு எழுதச் சேர்ந்தபோது அவருக்குப் பேரேடு போடக் கற்றுக்கொடுத்தவர் செட்டிநாட்டுக் கடையொன்றில் பழகிய முதியவர். ஆனால் ஐயா என்னிடம் அடிக்கடி சொன்னது பேரேட்டைப் பற்றியல்ல, குத்தூசியைப் பற்றி. மண்டிக்கு வரும் மல்லாட்டை மூட்டையின் வாயை அவிழ்த்துப் பார்த்து விலை சொல்லுகிறவன் வியாபாரியல்லன். மூட்டை வாயில் குடியானவன் எப்போதும் திரண்ட காயாகத்தான் வைத்திருப்பான். குத்தூசியை அடியில் செருகி, வந்த காயைக் கையில் உடைத்து, பருப்பு எத்தனை, சொத்தை எத்தனை, சுருங்கியது எத்தனை என்று பிரித்து நிறுத்த பிறகே விலை பேசத் துண்டுக்குள் விரல் நீளும். “அடியில குத்து தம்பி” என்பார் ஆண்டறிக்கையை என் கையில் கொடுத்து. அடி என்றால் அடிக்குறிப்புகள்.

ஆகவே எங்கள் வழியில் ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்துதான் படிப்போம். முதலில் தணிக்கையாளர் அறிக்கை. அதில் ‘இதற்கு உட்பட்டு’ என்றோ ‘கவனத்தை ஈர்க்கிறோம்’ என்றோ வரும் வாக்கியத்தின் எதிரே சிவப்புக் கோடு. அடுத்து, ஒருகால் வரக்கூடிய பொறுப்புகளின் குறிப்பு. பிறகு, நெருங்கியவர்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல். பிறகு ரொக்கப் போக்கு. அதன் பிறகே ஆஸ்தி பொறுப்பும், லாப நஷ்டமும். கம்பெனித் தலைவர் உரையை, காப்பி குடித்துக்கொண்டே, படித்தாலும் சரி, படிக்காவிட்டாலும் சரி. இவையெல்லாம் முடிந்தால் கோடு போட்ட பெரிய நோட்டில் பத்து வருஷத் தொகைகளைப் பத்துப் பத்தியாகக் கையால் எழுத வேண்டும். இதில்தான் ஐயாவின் சூட்சுமம் இருந்தது. ஒவ்வோர் அறிக்கையிலும் சென்ற ஆண்டுத் தொகை பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். அது சென்ற ஆண்டு அறிக்கையில் இருந்த அதே தொகையாக இருக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. பல சமயம் இருக்காது. ‘மறுவகைப்படுத்தப்பட்டது’ என்று ஒரு வரி எங்கேயாவது ஒளிந்திருக்கும். முதலில் சொன்ன தொகையை அழிக்கக் கூடாது. மாற்றிச் சொன்னதை அதன் அருகில் சிவப்புப் பென்சிலால் எழுத வேண்டும். ஒரு கம்பெனியின் பக்கம் வருஷத்துக்கு வருஷம் சிவந்துகொண்டே போனால், விகிதம் ஒன்றும் போட்டுப் பார்க்காமலே ஐயா நோட்டை மூடிவிடுவார்.

நம் பிராந்தியத்தில் பரிசீலனைக்கு உகந்தது கரும்புதான். நெல்லிக்குப்பத்தில் ஈ.ஐ.டி. பாரி, முண்டியம்பாக்கத்திலும் செஞ்சி செம்மேட்டிலும், கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜ்ஸ்ரீ சுகர்ஸ். மூன்று ஆலைகளையும் ஒரே பகலில் பஸ்ஸில் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். சர்க்கரைக் கம்பெனியின் கணக்கு மற்ற கம்பெனிகளின் கணக்கைப் போன்றதன்று. பருவம் அக்டோபரில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது; கணக்கு மார்ச் 31-ல் முடிகிறது. அரவை உச்சத்தில் இருந்து கிடங்கு நிறைந்து, அந்தச் சர்க்கரையின் மேல் பாங்கிக் கடனும் நிறைந்திருக்கும் தேதி அது. அந்த ஒரு நாளின் கடனைப் பார்த்து ‘ஆலை மூழ்கிவிட்டது’ என்பவனும், சரக்கிருப்பைப் பார்த்து ‘கொழுத்திருக்கிறது’ என்பவனும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். முன்காலத்தில் பல ஆலைகள் பருவத்தை ஒட்டிச் செப்டம்பர் 30-ல் கணக்கு முடித்துவந்தன. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் எல்லோரையும் மார்ச்சுக்குக் கொண்டுவந்தது. மாறுகிற வருஷத்தில் கணக்காண்டு பன்னிரண்டு மாதமாக இராதே, அதைச் சென்ற ஆண்டோடு அப்படியே ஒப்பிட்டு ‘வளர்ச்சி’ கண்டு மகிழ்ந்தவர்களும் உண்டு. ஐயா மார்ச் பத்திக்குப் பக்கத்தில் அரையாண்டு அறிக்கையிலிருந்து செப்டம்பர் பத்தி ஒன்றையும் எழுதிக்கொள்வார். இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளமே ஆலையின் மெய்யான உடம்பு என்பார்.

கரும்பு வந்த பதினான்கு நாளுக்குள் குடியானவனுக்குப் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் பதினைந்து சதவீத வட்டி என்பது 1966-ம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு. ஒரு தை மாதம், இன்ன ஆலை என்று சொல்ல வேண்டாம், ஓர் ஆலையின் வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் ஐயா என்னை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நின்றன. ஐயா எழுந்து போய் ஒரு டிராக்டரின் பின்புறத்திலிருந்து ஒரு கழியை உருவி, வெட்டு வாயைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், ஈரம் இல்லை. “எப்போ வெட்டுனது?” “முந்தாநாள் காலையில ஐயா, வெட்டு உத்தரவு வந்ததும் வெட்டிட்டோம், இன்னும் உள்ளே விடலை.” வெட்டிக் காய்ந்த கரும்பில் எடை குறையும், குடியானவனுக்கு நஷ்டம், சர்க்கரைக் கட்டுமானம் குறையும், பங்குதாரனுக்கு நஷ்டம். நூறு டன் கரும்புக்கு ஒன்பது டன் சர்க்கரை கிடைக்கிற இடத்தில் அரை டன் குறைவது எவ்வளவு என்பதைத் திரும்பி வரும் பஸ்ஸில் டிக்கட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டறிக்கையில் கட்டுமானச் சதவீதம் குறைந்திருந்தது. தலைவர் உரை அதற்கு மழையைக் காரணம் காட்டியது. மழையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஒருகால் வரக்கூடிய பொறுப்பு எத்தகையது என்பதற்கு நம் மாவட்டத்தோடு சம்பந்தப்பட்ட உதாரணமே உண்டு. ராஜ்ஸ்ரீ சுகர்ஸுக்கும் ஆக்ஸிஸ் பாங்குக்கும் இடையே டாலர், சுவிஸ் பிராங்க் மாற்று விகிதத்தின் மேல் எழுந்த ஒப்பந்த வழக்கில், இவ்வகை ஒப்பந்தங்கள் சூதாட்டமாகா என்று 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு தரப்பின் நியாயங்களுக்குள் நான் புகவில்லை. அக்காலத்தில் திருப்பூர் ஏற்றுமதியாளர் பலரும் இவ்வகை ஒப்பந்தங்களில் சிக்கியிருந்தார்கள். ஆனால் கரும்பு ஆலையின் தலையெழுத்தைச் சுவிட்சர்லாந்து நாணயத்தின் விலையும் தொடக்கூடும் என்பதை லாப நஷ்டக் கணக்கின் முதல் பக்கம் யாருக்கும் சொல்லாது. குறிப்புகளைப் படித்தவனுக்கே அது தெரியும்.

குறிப்புகளைப் படித்தும் ஏமாறலாம் என்பதையும் மறைப்பதற்கில்லை. சத்யம் கம்ப்யூட்டர்ஸின் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7-ல் எழுதிய கடிதத்தின்படி, காட்டப்பட்ட 5,361 கோடி ரூபாய் ரொக்க இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லாதது. இருப்புக்கேற்ற வட்டி வந்திருக்கிறதா என்று பார் என்பது மண்டி வழியின் பழைய சூத்திரம். அங்கே சேர்ந்திருந்ததாகக் காட்டிய வட்டியிலும் 376 கோடி புனைவு. எங்கள் சோதனையில் சத்யம் தேறியிருக்கும். அதற்கு முந்திய டிசம்பரில், குடும்பத்துக்கு வேண்டிய மேட்டாஸ் கம்பெனிகளை வாங்கப்போவதாக அறிவித்து உடனே பின்வாங்கியபோது ஐயா அதன் பக்கத்தை மூடச் சொன்னது உண்மை. அதற்கு முன்பே ஐயா எல்லாம் அறிந்திருந்தார் என்று சங்கத்தில் சிலர் இப்போது சொல்வது அன்பினால் வந்த மிகை.

இனி எழுதப்போவது தலைவருக்கு வருத்தம் தரக்கூடும். முன்னாளில் ஆண்டறிக்கையிலேயே தொடக்க இருப்பு, உற்பத்தி, விற்பனை, முடிவிருப்பு எல்லாம் டன் கணக்கில் இருக்கும். சரக்கிருப்பின் ரூபாயை டன்னால் வகுத்தால், ஆலை தன் சர்க்கரையைக் குவிண்டால் என்ன விலைக்கு மதித்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். சந்தை விலை அதற்குக் கீழே போனால் அடுத்த காலாண்டில் என்ன வரும் என்பதும் தெரியும். 2011-ல் ஆறாம் அட்டவணையைத் திருத்தியபோது இந்த அளவு விவரங்களைக் கொடுக்க வேண்டிய கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் அந்தக் காலியான பக்கத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்பதை நான் கண்டேன். அதே காலத்தில் தபாலில் வந்துகொண்டிருந்த அறிக்கைகளும் நின்று, ஈமெயிலில் வர ஆரம்பித்தன. அறிக்கை தபாலில் வந்தால் வீட்டில் கிடக்கும், கிடந்தால் என்றைக்காவது புரட்டுவோம். ஈமெயிலில் வந்ததை யார் புரட்டினார்? சென்ற ஆண்டு விழாவில் பேசிய ஓர் அன்பர், யாரென்று நான் சொல்லவில்லை, அவரும் நம் பிள்ளைதான், மிகுந்த கெட்டிக்காரர், திரையில் நாற்பது கம்பெனிகளை இருபது நிமிஷத்தில் ஓட்டிக் காட்டினார். ஒரு கம்பெனிக்கு அரை நிமிஷம். ஐயா ஒரு கம்பெனிக்கு ஒரு சித்திரை விடுமுறை முழுவதும் எடுத்துக்கொள்வார். தேய்மானத்தைக் கழிக்காத லாபத்தை ‘ஈபிட்டா’ என்று அவர் பன்னிரண்டு தடவை சொன்னார், எண்ணினேன்; இயந்திரம் தேயாத ஆலை ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. அவர் காட்டிய தொகை கம்பெனியின் தனிக் கணக்கா, துணைக் கம்பெனிகளைச் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கா என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டபோது சபை சிரித்தது. நான் அந்தச் சிரிப்பைத் தாங்கமாட்டாமல் வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து மாதாந்தரக் கூட்டத்திலும் பாருங்கள்: நோட்டுக் கொண்டுவருபவர் இல்லை, டெலிகிராமில் வந்த ‘டிப்’பைக் காதோடு காது சொல்கிறார்கள், நாற்காலிகளைக்கூட வட்டமாகப் போடுவதில்லை, திரையைப் பார்த்து வரிசையாகப் போடுகிறார்கள், வடைக்குக் கொடுக்கும் மரியாதையைத் தணிக்கையாளருக்குக் கொடுப்பதில்லை. கூட்டல் போடத் தெரியாத ஒரு தலைமுறையை நாமே கைதட்டி வளர்த்துவிட்டோம் என்று எழுதினால் மலர்க் குழுவினர் அதை வெட்டிவிடுவார்கள், ஆனாலும் எழுதுகிறேன்.

நானும் ஒரு முறை நோட்டை எழுதாமல் வாங்கியவன்தான். 1995-ல் ஒரு லீசிங் கம்பெனியின் புதுப் பங்கு. பெயர் வேண்டாம், இன்று கம்பெனியும் இல்லை. ஐயாவுக்குத் தெரியாமல் விண்ணப்பம் போட்டேன். பங்கு விலை இரண்டு ரூபாய்க்கு வந்த பிறகு அவர் எப்படியோ அறிந்து, மறுவார்த்தை ஏதும் சொல்லாமல், அந்த வெளியீட்டுப் பத்திரத்தை வாங்கிப் பின்னாலிருந்து புரட்டினார். தணிக்கையாளர் அறிக்கையின் நான்காம் பத்தியில், வராக் கடனுக்குப் போதிய ஒதுக்கீடு செய்யப்படவில்லை என்றிருந்த வரியின் எதிரே சிவப்புக் கோடு போட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே பார்த்து, “தம்பிக்கும் காப்பி போடும்மா” என்றார்.

அவருடைய நோட்டுகள் முப்பத்தொன்றும் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. விரும்பும் அங்கத்தினர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் அனந்தபுரத்துக்கு வந்து பார்க்கலாம். நோட்டும் சிவப்புப் பென்சிலும் அவரவரே கொண்டுவர வேண்டும். பக்கங்களைப் போனில் படம் பிடிக்க அனுமதி இல்லை.