ரிஸ்க் யார் கணக்கில்?

குடிநீர்த் துறை இன்ஜினியர்கள் ஆபத்தை எப்படி எடை போடுகிறார்கள்? ஆஸ்திரேலியாவின் மெரிடித் டாபி, ரெபெக்கா பிரவுன் இருவரும் 2014ல் ‘ரிஸ்க் அனாலிசிஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இதைப் பற்றியது. நிபுணரின் பார்வையிலும் வெறும் கணக்கு மட்டும் இல்லை. அனுபவமும் மனசும் கலந்திருக்கும் என்பது சாரம்.

சரிதான். ஆனா இந்த மாதிரி ஆய்வுகளில் கேள்வியே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. மழைநீர், சுத்திகரித்த கழிவுநீர் என்று புதுசா வர்றதுக்குத்தான் ஆபத்துப் பட்டியல் கேட்கிறோம். பழைய ஏற்பாட்டுக்கு யார் கேட்டாங்க?

சென்னையைப் பாருங்க. கோயம்பேடு, கொடுங்கையூர் ஆலைகள் ஒவ்வொன்றும் தினமும் 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரிக்கக் கூடியவை. அந்தத் தண்ணீர் தொழிற்சாலைகளுக்கு. குடிக்க என்றால் தயக்கம். காரணம் இல்லாமல் இல்லை: 2006ல் ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரில் இதற்கு வாக்கெடுப்பு வைத்தபோது சுமார் 62% பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு கிருமி தப்பினாலும் பழி ஆலையை நடத்துபவர் தலையில்.

அதே சென்னை 2004 முதல் வீராணம் தண்ணீரும் குடிக்கிறது. எங்க வரதராஜன்பேட்டைக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடத்தில், கீழணையில் பிரிந்து, வடவாறு வழியா வீராணம் ஏரிக்குப் போய், அங்கிருந்து 200 கி.மீ.க்கு மேல் குழாயில் போகும் தண்ணீர். மேட்டூரில் திறக்கணும்; அதற்கு கர்நாடகத்தில் மழை பெய்யணும். சாஃப்ட்வேர்ல இப்படி ஒரு டிசைன் கொண்டுவந்தா ரிவ்யூல கிழிச்சிடுவாங்க: ஒரு கண்ணி அறுந்தா மொத்தமும் நிற்கும்.

2019ல் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வந்தது. “மழை பொய்த்துவிட்டது” என்று சொல்லி முடித்துக்கொண்டோம். வறட்சிக்குக் கையெழுத்துப் போட்டவர் யாரும் கிடையாதே!

என் வாதம் இதுதான்: பெயர் ஒட்டக்கூடிய ஆபத்து பெரிதாகத் தெரிகிறது, பெயர் ஒட்டாதது கண்ணிலேயே படுவதில்லை. சிங்கப்பூர் 2003லிருந்து நியூவாட்டரை நீர்த்தேக்கங்களில் கலக்கிறது. அங்கேயும் ஆபத்து உண்டு. ஆனால் அண்டை நாட்டுத் தண்ணீரை நம்பியிருக்கும் ஆபத்தையும் அவர்கள் சேர்த்தே எண்ணினார்கள்.

ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும் ஒரு பத்தி கட்டாயமாக்கலாம்: “இப்படியே விட்டால் என்ன ஆகும், யாருக்கு ஆகும்?” வரத்து குறைந்த வருஷத்தில் வீராணத்தை நம்பி நாற்று விட்ட காட்டுமன்னார்கோயில் விவசாயியும் அந்தப் பத்தியில் வரணும். இப்போதைக்கு அந்த ரிஸ்க் அவர் கணக்கில்தான் ஓடுகிறது.