மென்மையான உணவு மட்டும் போதுமா?

வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு வாழைப்பழம், சோறு, ஆப்பிள் கூழ், வாட்டிய ரொட்டி ஆகிய நான்கை மட்டும் கொடுக்கும் முறை அமெரிக்காவில் நெடுங்காலம் வழங்கி வந்தது. இவை எளிதில் செரிப்பவை. வாழைப்பழத்தில் பொட்டாசியமும் உண்டு. ஆயினும் 'மட்டும்' என்பதே குறை. இவற்றில் புரதமும் கொழுப்பும் மிகக் குறைவு. இழந்த நீரையும் உப்பையும் இவை ஈடுசெய்யா.

சிறுகுடல் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்தே உறிஞ்சுகிறது. சவ்வூடு பரவலால் நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. சர்க்கரை மிகுந்த பானமோ நீரைக் குடலுக்குள் இழுத்து நோயை மிகுவிக்கும். 1971இல் வங்க அகதிகள் முகாமில் காலரா கண்ட பலரை மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பு-குளுக்கோஸ் கரைசலால் காத்தது இவ்விதியின் பயனே.

ஆகவே முதலில் கரைசல். பின்னர் விரைவிலேயே வழக்கமான உணவு. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. மென்மையான உணவு துணையாகலாம், மருந்தாகாது.