குவியமும் நோக்கும்: மன்னார்க் கரையிலிருந்து சில சிந்தனைகள்

ஒரு கலைப்படைப்பின் உள்ளடக்கத்தை அதன் சமூகப் பின்னணியில் வைத்து ஆராயும் முறை நமது திறனாய்விலே வேரூன்றிவிட்டது. ஆயின், அவ்வுள்ளடக்கத்தை நமக்குக் கொண்டுவரும் கருவியையும் அவ்வாறே ஆராய வேண்டுமென்ற உணர்வு போதியளவு வளர்ந்துள்ளதெனக் கூற முடியாது. விவரணப்படம் ஒன்றைப் பற்றிப் பேசுகையில் அதிலே யார் பேசுகின்றார், எதனைப் பேசுகின்றார் என வினவுகின்றோம். சட்டகத்தினுள் எது தெளிவாயிருக்கின்றது, எது மங்கவிடப்பட்டுள்ளது, அதனைத் தீர்மானித்தவர் யார் என நாம் வினவுவது அரிது. தொழின்முறை வீடியோக் கமராக்களில் இன்று பரவலாகிவிட்ட தன்னியக்கக் குவியம் இவ்வினாவைத் தவிர்க்க முடியாததாக்கியுள்ளது. மன்னார்த் தீவையும் அதன் கரையோரத்தையும் களமாகக் கொண்டு இதனை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

தன்னியக்கக் குவியம் முதலிற் பொழுதுபோக்குப் புகைப்படக்காரருக்கான வசதியாகவே சந்தைக்கு வந்தது. 1977இல் வெளிவந்த கொனிக்கா சி35 ஏஎஃப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட இவ்வகைக் கமராக்களுள் முதலாவதாகும். தொலைக்காட்சிச் செய்திக் கமராக்காரர் நெடுங்காலம் இதனைப் பொருட்படுத்தவில்லை. வில்லையின் வளையத்தைத் தம் விரல்களால் திருப்புவதே அவர்களது தொழிற்றேர்ச்சியாயிருந்தது. 2013இல் கனன் நிறுவனம் உணரியின் ஒவ்வொரு படப்புள்ளியையும் இருகூறாக்கித் தூரத்தை அளவிடும் முறையை அறிமுகப்படுத்தியதன் பின்னரும், 2019, 2020ஆம் ஆண்டுகளில் சொனியின் எஃப்எக்ஸ்9, எஃப்எக்ஸ்6 ஆகியன வந்ததன் பின்னருமே நிலைமை பெரிதும் மாறிற்று.

இம்மாற்றத்தின் பொருளியல் அடிப்படை கவனத்துக்குரியது. பழைய செய்திக் கமராவின் உணரி ஏறத்தாழ 9.6 மில்லிமீற்றர் அகலமுடையது. இன்றைய முழுச்சட்டக உணரி 36 மில்லிமீற்றர் அகலமுடையது. ஒரே காட்சிக்கோணத்தையும் ஒரே துவார எண்ணையும் வைத்து நோக்கினால், பின்னையதிலே தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ நான்கிலொன்றாகச் சுருங்கிவிடுகின்றது. பின்புலம் கரைந்து முகம் மட்டும் மிதக்கும் படிமம் "சினிமாத் தன்மை" எனப் போற்றப்பட்டு விற்கப்படுகின்றது. அவ்வாறு சுருங்கிய ஆழத்தினுள் அசையும் மனிதரைக் கையால் தொடர்வது கடினமாதலின், அதற்கான பரிகாரமும் அதே சந்தையில் விற்கப்படுகின்றது. முன்னர்க் குவியத்துக்கெனவே நின்ற உதவியாளரின் உழைப்பும் இவ்வாறு கருவிக்குள் உள்வாங்கப்படுகின்றது. ஒரு தேவையை உண்டாக்கி, அதற்குரிய மருந்தையும் விற்கும் பண்ட உற்பத்தியின் பொதுநியதி இங்கும் தொழிற்படுகின்றது எனலாம்.

எனினும் இதனால் அக்கருவியை ஒதுக்கிவிட வேண்டுமென்பது நமது வாதமன்று. கமரா, ஒலி, கேள்வி ஆகிய அனைத்தையும் தானொருவராகவே சுமந்து செல்லும் மாவட்டச் செய்தியாளருக்கு அது மெய்யான துணையே. அதனைப் போற்றுவதும் தூற்றுவதும் எளிது. எங்கே அது பயன்படுகின்றது, எங்கே நமக்காகத் தீர்மானிக்கத் தொடங்குகின்றது என்பதைப் பிரித்தறிவதே தேவையாகும்.

2

மன்னார்க் கரை இக்கருவிக்கு எளிதான களமன்று. வெண்மணல், வெளிறிய கடல், உப்புப் புகார் படிந்த வானம் ஆகியவற்றிடையே ஒளிமாறுபாடு மிகக் குறைவு. மாறுபாட்டின் உச்சத்தைத் தேடும் முறையில் இயங்கும் கமரா இத்தகைய வெளியிலே முன்னும் பின்னும் அலையும். தூரத்தை நேரே அளவிடும் புதிய முறையிலும் நடுப்பகற் கானல் தடுமாற்றத்தை விளைவிக்கும். உலர்த்திய வலைக்கு அப்பாலிருந்து வலை பொத்துபவரைப் படம்பிடிக்க முனைந்தால், வலையின் கூர்மையான கண்ணிகள் குவியத்தைத் தம்பால் இழுத்துக்கொள்ளும், மனிதர் மங்கிவிடுவர்.

இவை தொழினுட்பக் குறைபாடுகள். கருவி திருந்துந்தோறும் இவையும் குறையலாம். ஆனால், கருவி திறம்படத் தொழிற்படும்போது எழும் பிரச்சினையே ஆழமானது. கரைவலை இழுக்கும் ஒரு காலையை எண்ணிப் பார்ப்போம். முன்னே கயிற்றைப் பற்றியுள்ள தொழிலாளர். நடுவே மீன் கூறி விற்கும் இடத்தில் சம்மாட்டி. அப்பால் வாடியருகே கருவாடு பரப்பும் பெண்கள். தீவின் தென்கரையை அடுத்து 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனித் திட்டத்தின் காற்றாலைகள். முப்பது காற்றாலைகள் 103.5 மெகாவாற்று மின்னை நாட்டுக்கு அளிக்கின்றன. புதிய காற்றாலைகளுக்கும் கனிமமணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் 2025இல் வீதியில் இறங்கிப் போராடினர். இந்நான்கையும் ஒருசேரத் தெளிவாகக் காணும்போதே உழைப்பு, உடைமை, வளம் ஆகியவற்றுக்கிடையிலான உறவு புலனாகும். முகத்தைத் தேடும் கருவியோ முதலில் ஒரு முகத்தைத் தேர்ந்து ஏனையவற்றைப் புகையாக்கிவிடுகின்றது. சமூக உறவாயிருந்தது தனிமனித சோகமாகச் சுருங்குகின்றது. மன்னாரின் வெயில் துவாரத்தைச் சிறிதாக்கி ஆழத்தைப் பெறுவதற்கு வேண்டிய ஒளியைத் தாராளமாகவே தருகின்றது. நாமோ வில்லைக்குப் பின்னே ஒளிவடிகட்டியை இட்டு அவ்வாழத்தை நாமே மறுத்துக்கொள்கின்றோம்.

1948இல் விஸ்கொன்ரி உருவாக்கிய 'லா தெரா திரேமா' இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. சிசிலித் தீவின் ஆச்சி திரெட்சா என்னும் மீனவக் கிராமத்தில், அக்கிராமத்தவரையே நடிகராகக் கொண்டு, அவர்தம் பேச்சுமொழியிலேயே எடுக்கப்பட்ட படம் அது. மொத்த வியாபாரிகளால் மீனவர் சுரண்டப்படுவதே அதன் பொருள். அப்படத்தின் ஆழ்குவியத்தை அந்திரே பசான் வியந்து போற்றினார். முன்னணியும் பின்னணியும் ஒருங்கே தெளிவாயிருக்கையில், எதனைப் பார்ப்பது என்ற தேர்வு பார்ப்பவனிடம் விடப்படுகின்றது என்பது ஆழ்குவியம் பற்றி அவர் கொண்ட கருத்து. குவியம் என்பது பார்வையாளனின் உரிமையோடு தொடர்புடையது என்ற உண்மையை இங்கிருந்தே நாம் பெறுகின்றோம்.

3

காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் நடத்தும் போராட்டங்கள் வடக்கின் ஏனைய பகுதிகளிற் போலவே மன்னாரிலும் நிகழ்ந்து வந்துள்ளன. 2018இல் மன்னார் நகரின் சதொச வளாகத்திலே மனித எச்சங்கள் வெளிப்பட்டு, முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டபோது, தம் பிள்ளைகளின் தடயத்தைத் தேடுவோரின் ஏக்கம் அக்குழியைச் சூழ்ந்து நின்றது. அவற்றுட் சில மாதிரிகள் 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையான காலத்தவை என 2019இல் வெளிவந்த காபன் ஆய்வு அறிக்கை கூறிற்று. அவ்வறிக்கையால் அவர்களது வினா தீர்ந்துவிடவில்லை.

இப்போராட்டங்களிலே தாய் தன் மகனின் புகைப்படத்தை நெஞ்சுக்கு முன்னே ஏந்தி நிற்கின்றாள். முகமறியும் கமரா அச்சிட்ட முகத்தையும் உயிருள்ள முகத்தையும் வேறுபடுத்தி அறியாது. அது மகனின் படத்தைப் பற்றிக்கொள்ளலாம், தாய்க்குத் தாவலாம், மீண்டும் படத்துக்குத் திரும்பலாம். இவற்றுள் எதுவும் பிழையான படிமம் அன்று. ஆயினும் எதற்கும் காரணமில்லை. அவள் பேசி முடித்து மௌனமாகும் கணத்தில் மகனின் முகத்துக்குச் செல்வது ஒரு தீர்ப்பு. அவள் பேசுகையில் அவளிடமே தங்கியிருப்பதும் ஒரு தீர்ப்பே. இரண்டையும் ஒருசேரத் தெளிவாக வைப்பது மற்றுமொரு தீர்ப்பு. பொறுப்பேற்கும் மனிதனாலன்றி இவை இயலா.

எந்திரத்தின் கண்ணும் யாரோ பயிற்றுவித்த கண்ணே. 2018இல் ஜோய் புவோலம்வினி, ரிம்நிற் கெப்ரு ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, முகத்தைக் கொண்டு பாலினத்தை வகுக்கும் வணிக மென்பொருள்கள் கருநிறப் பெண்களைப் பொறுத்து 34.7 சதவீதம் வரை தவறியதையும், வெண்ணிற ஆண்களைப் பொறுத்து அத்தவறு 0.8 சதவீதத்தைத் தாண்டாததையும் காட்டிற்று. அவ்வாய்வு கமராவின் குவியத்தைப் பற்றியதன்று. ஆயினும், எவரின் படங்களால் எந்திரம் பயின்றதோ அவர்களையே அது நன்கு காணும் என்ற அதன் படிப்பினை, வெயிலிற் கறுத்த முகங்களைப் பொழுதுசாயும் வேளையிற் படம்பிடிப்போர் நினைவிற்கொள்ள வேண்டியதாகும்.

4

நடைமுறையில் இவை உணர்த்துவன சில. நடந்து செல்பவரைத் தனியொருவராகத் தொடர நேரின் கருவியின் துணையைப் பெறலாம். அப்போதும் ஒரு முகத்திலிருந்து மற்றதற்குத் தாவும் உணர்திறனைக் குறைத்து வைத்தல் நன்று. வலை, கானல், பொழுதுசாயும் வேளை, பலர் கூடி நிற்குமிடம் ஆகியவற்றிலே வளையத்தைக் கையிலெடுத்தல் வேண்டும். சாட்சியம் பதியும்போது குவியத்தை முன்னரே தீர்மானித்து நிறுத்திவிடலாம். கமராப் பயிற்சி பெறும் இளைஞர் முதலிற் கையாற் குவிக்கப் பழகுவது இன்றியமையாதது. வளையத்தைத் திருப்பக் கற்பவர், "ஏன் இவரை?" என்ற வினாவையும் கற்கின்றார்.

ஆனால், இவ்வினாவைக் கமராக்காரரிடம் மட்டும் விட்டுவிடுவது நேர்மையாகாது. நமது திறனாய்வுக்கும் ஒரு தன்னியக்கக் குவியம் உண்டு. அண்மையிலுள்ள முகத்தையே, நம்மைப் போன்ற முகத்தையே அது தேடிச் செல்கின்றது. தலைமன்னாரின் இறங்குதுறையைக் காணும்போது, அவ்வழியே வந்திறங்கிய மலையகத் தொழிலாளரையும், 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னர் அதே துறையூடாக அனுப்பப்பட்டோரையும் எத்தனை தடவை நாம் தெளிவாகக் கண்டோம்? 1990 ஒக்ரோபரில் மன்னார் உட்பட வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் நமது எழுத்தின் பின்புலத்தில் எத்துணைக் காலம் மங்கலாயிருந்தனர்? அவ்வெளியேற்றத்தைத் திரையின் முன்னணிக்குக் கொண்டுவந்த படங்களுள் ஒன்று, பிரசன்ன விதானகே 2003இல் சிங்களத்தில் உருவாக்கிய 'இர மதியம' என்பது நம்மைச் சிந்திக்கவைக்க வேண்டும். கடலின் மறுகரையில், தனுஷ்கோடி மீனவரையும் ஈழத்து அகதிகளையும் ஒரே சட்டகத்துள் வைத்த லீனா மணிமேகலையின் 'செங்கடல்', 2011இல் தணிக்கையின் மறுப்பைக் கடந்தே பார்வையாளரை அடைந்தது. எது தெளிவாகத் தெரியலாம் என்பதில் அதிகாரத்துக்கும் அக்கறையுண்டு என்பதற்கு அது சான்று.

குவியத்தை எந்திரத்திடம் விடலாம். அதற்கான பொறுப்பை விட முடியாது. சட்டகத்தின் ஆழத்திலே மங்கி நிற்போரை நோக்கி வளையத்தைத் திருப்புவது கமராக்காரரின் பணி. அவ்வாறு திருப்பப்பட்டதா என வினவுவது நமது பணியாகும்.