முடிக்கயிறும் தார் டிரம்மும்

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் லாரிகளின் முன்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். பம்பரில் எலுமிச்சை, மிளகாய், ஒரு கறுப்புக் கயிறு. காத்திவாக்கத்தில் குடியிருக்கிறவனுக்கு அது திருஷ்டிக் கயிறு, அவ்வளவுதான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், கலைஞர் ஷீலா கௌடாவின் ‘பிஹோல்ட்’ படைப்பைப் படத்தில் பார்க்கும் வரை.

கோயிலில் காணிக்கையாக இறக்கும் முடியில் நீளமானது விக் செய்யப் போய்விடும். மிஞ்சிய குட்டை முடியைத் திரித்துக் கயிறாக்கி வண்டியில் கட்டுவார்கள். அந்தக் கயிற்றில் சுமார் 4,000 மீட்டர் எடுத்து, இருபது குரோம் பம்பர்களை அதில் தொங்கவிட்டார் ஷீலா. 2009 வெனிஸ் பினாலேயில் வைக்கப்பட்டது. இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் உடைமை. சொல்லே வசவாகிப்போன மயிர், அங்கே இரும்பைத் தூக்கிப் பிடிக்கிறது.

1957இல் பத்ராவதியில் பிறந்தவர். அதுவும் இரும்பாலை ஊர்தான். பெங்களூரு, சாந்திநிகேதன், லண்டன் ராயல் காலேஜ் என்று படித்தது முழுக்க ஓவியம். 1990களின் தொடக்கத்தில், பாபர் மசூதி இடிப்பும் அதையொட்டிய கலவரங்களும் நாட்டை உலுக்கிய காலத்தில், வண்ணத்தை விட்டுச் சாணத்துக்கு வந்தார்.

இந்த வகைக் கலைக்குக் ‘கருத்துக் கலை’ என்று பெயர் வைத்தவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. யோசனை மட்டும் கலைஞருடையது, வேலை யாரோ செய்வது என்ற நினைப்பை அந்தப் பெயர் தருகிறது. ஷீலாவின் ‘அண்ட் டெல் ஹிம் ஆஃப் மை பெய்ன்’ செய்யப்பட்ட விதத்தைக் கேளுங்கள். மிக நீண்ட நூலை ஊசிக் காதில் நுழைத்து, ஊசி சரிபாதியில் நிற்கும்வரை இழுக்க வேண்டும். பிறகு அடுத்த ஊசி, அடுத்த நூல். அத்தனையையும் ஒன்றுசேர்த்துக் குங்குமமும் பசையும் தடவினால் ஒரு சிவப்புக் கயிறு. முனையில் ஊசிகள் கொத்தாகத் தொங்கும். தரையில் சுருண்டு, சுவரில் ஏறி, குடல் சரிந்ததுபோல் கிடக்கும் அதில் எந்தத் தையலும் இல்லை, தைக்கிற உழைப்பு மட்டும் இருக்கிறது. கரையில் உட்கார்ந்து வலைக் கிழிசலைச் சரிசெய்கிறவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

‘பிஹோல்ட்’ எனக்குப் பிடிக்கும், ஆனாலும் அருங்காட்சியக வெள்ளைச் சுவரில் அது சற்று அழகாகிவிடுகிறது. லாரிப் புகையும் பிசுக்கும் ஏறிய கயிறு வேறு. அந்தக் குறை அவருடைய ‘டார்க்ரூம்’ படைப்பில் இல்லை. 2006இல் செய்தது. சாலை போடும் தொழிலாளர்கள் காலியான தார் டிரம்மைத் தட்டித் தகடாக்கிக் குடிசை கட்டிக்கொள்வதைப் பார்த்துப் பிறந்த படைப்பு. டிரம்கள் தூண்களாக நிற்க, வெளியிலிருந்து பார்த்தால் சின்னக் கோட்டை. ரோமாபுரித் தூண்களைக் கேலி செய்கிறதோ என்றுகூடத் தோன்றும். அவர் செய்ததில் இதுதான் தலையாயது என்பேன்.

அதற்குள் நிமிர்ந்து நுழைய முடியாது, குனிந்துதான் போக வேண்டும். உள்ளே ஒரே இருட்டு. தலைக்குமேல் தகரத்தில் பொடிப்பொடியாய்த் துளை போட்டிருக்கிறார், அண்ணாந்தால் நட்சத்திரம்.