பாலிசி விற்ற பிறகு வாசிக்கப்படும் படிவம்

காப்பீட்டு நிறுவனங்களிடம் இருக்கும் நம் தரவு என்றாலே இப்போது திருட்டைப் பற்றித்தான் பேச்சு. 2024 செப்டம்பரில், சென்னையில் தலைமையகம் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராம் பாட்கள் வழியே கசிந்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடையும் வாங்கியது. ரத்தப் பரிசோதனை முடிவும் அடையாள அட்டை நகலும் கண்டவர் கைக்குப் போவது சின்ன விஷயமல்லதான். ஆனால் இந்தப் பேச்சு நிறுவனங்களுக்கு ஒரு வகையில் வசதி. பூட்டைப் பலப்படுத்திவிட்டோம் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். திருடு போகாமல் அவர்களிடமே பத்திரமாக இருக்கும் தரவு எதற்குப் பயன்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டாலும் தயாராக ஒரு பதில் உண்டு: தரவு கூடினால் பிரீமியம் நியாயமாகும் என்பார்கள். பொய்யில்லை. ஓட்டும் தூரத்தை வைத்துப் பிரீமியம் கணக்கிடும் வாகனக் காப்பீட்டை 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதித்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரை வெளியே எடுப்பவருக்கு அது லாபம். தினமும் நடந்து, அடிக்கணக்கைக் கைபேசியில் காட்டினால் பிரீமியத்தில் சலுகை தரும் மருத்துவப் பாலிசிகளும் வந்துவிட்டன. போலிக் கிளெய்ம்கள் இருப்பதும் உண்மை. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த நியாயம் நிற்க வேண்டுமென்றால், தரவு விலை சொல்லும் நாளில் பயன்பட வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் அது பெரும்பாலும் பயன்படுவது, பணம் கொடுக்க வேண்டிய நாளில். என் ஆட்சேபம் இதுதான்.

பாலிசி எப்படி விற்கப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். “சுகர், பிரஷர் ஒண்ணும் இல்லையே சார்? இருக்குன்னு போட்டா டெஸ்டுக்கு அனுப்புவாங்க, லேட்டாகும்” என்கிறார் ஏஜென்ட். எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ விழுகிறது. கைபேசிக்கு ஓடிபி வருகிறது, வாசித்துச் சொல்கிறோம், அதுவே கையெழுத்து. அந்தப் படிவத்தின் அடியில் ஓர் உறுதிமொழி இருக்கிறது. நமக்கு வைத்தியம் பார்த்த எந்த டாக்டரிடமும், மருத்துவமனையிடமும், நாம் வேலை பார்த்த நிறுவனத்திடமும், வேறு காப்பீட்டு நிறுவனத்திடமும் நிறுவனம் விவரம் கேட்கலாம் என்று நாம் சம்மதிக்கிறோம். பாலிசி கொடுக்கலாமா என்று முடிவு செய்வதற்கும் சரி, கிளெய்மைத் தீர்ப்பதற்கும் சரி, இந்த ஒரே சம்மதம் செல்லும். முதல் காரியத்துக்கு அதை எடுத்துப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? பணம் வந்தாயிற்று, பாலிசி மின்னஞ்சலில் போயாயிற்று.

நான்கு வருஷம் கழித்து நெஞ்சுவலி. கேஷுவாலிட்டியில் டூட்டி டாக்டர் கேட்கிறார், “எத்தனை வருஷமா சுகர்?” கூட வந்த மச்சினர், பதற்றத்தில், “பத்து வருஷம் இருக்கும்” என்கிறார். அது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறுகிறது. இப்போது நிறுவனத்துக்குத் திடீரென்று ஆர்வம் பிறக்கிறது. விசாரிக்க ஆள் கிளம்புகிறார். தெருமுனை கிளினிக்கின் பழைய சீட்டு, லேப் ரசீது எல்லாம் தேடி எடுக்கப்படுகின்றன. நான்கு புதுப்பித்தல்களிலும் யாருக்கும் தேவைப்படாத விவரம், கிளெய்ம் வந்த வாரத்தில் ‘முக்கிய உண்மையை மறைத்தல்’ ஆகிறது. கிளெய்ம் மறுக்கப்படுகிறது, பல சமயம் பாலிசியும் ரத்தாகிறது. வேறு நிறுவனத்துக்குப் போனால், இதற்கு முன் எந்தப் பாலிசியாவது ரத்தானதா என்று அங்கேயும் ஒரு கட்டம் காத்திருக்கிறது.

எல்லோரையும் முன்கூட்டியே சோதித்தால் செலவு தாங்காது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இந்த ஏற்பாட்டில் கிளெய்ம் வராத சர்க்கரை நோயாளியின் பிரீமியம் அப்படியே லாபம்; கிளெய்ம் வந்தவருடையதை மட்டும் துருவினால் போதும். இதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்ல என்னால் முடியவில்லை.

நோயை மறைப்பவருக்குச் சட்டம் சலுகை காட்டுவதில்லை. 2009இல் உச்ச நீதிமன்றம் அதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. 2021 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. சர்க்கரை இருப்பதைச் சொல்லி வெளிநாட்டுப் பயணப் பாலிசி எடுத்தவருக்கு அமெரிக்காவில் மாரடைப்பு வந்து மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள். தெரிந்தே பாலிசி கொடுத்த பிறகு அதே நோயைக் காட்டி மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்பு. ஆனால் சொன்னவருக்குத்தான் அது துணை. ஏஜென்ட் சொல்லவிடாமல் செய்தவருக்கு இல்லை. தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் வந்த சட்டமும் இங்கே பெரிதாக உதவாது என்பது என் எண்ணம். சம்மதம்தான் முதல் நாளே ஓடிபியாகப் போய்விட்டதே.

2024இல் ஐஆர்டிஏஐ ஒன்று செய்தது. தொடர்ந்து எட்டு வருஷம் கட்டிய பாலிசியில்தான் மறைத்தல் என்ற காரணத்தைச் சொல்லக் கூடாது என்றிருந்ததை ஐந்து வருஷமாக்கியது. நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு மட்டும் விலக்கு. வாங்கியவர் பாலிசியைப் படித்துப் பார்த்துத் திருப்பித்தரக் கிடைப்பது 30 நாள். விற்றவர் படிவத்தைச் சரிபார்க்க ஏன் 60 மாதம் வேண்டும் என்று புரியவில்லை. ஒரு ஹெச்பிஏ1சி பரிசோதனையில் அன்றே தெரிந்திருக்கக்கூடிய சர்க்கரையை, அந்தப் பரிசோதனையைச் செய்யாமல் விட்ட நிறுவனம் பின்னால் காரணமாகக் காட்டவே கூடாது என்று விதி வர வேண்டும். பிரீமியம் ஏறும் என்பார்கள். ஏறட்டும். அந்தத் தொகைக்குப் பாலிசி வேண்டுமா வேண்டாமா என்று ஐசியு வாசலில் நிற்காமல், வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளலாம்.