பொழுதை வரைந்த தூரிகை

கடற்கரைக் காட்சி என்றால் அலையும் மணலும் தோணியும் தெளிவுறத் தெரியவேண்டும் என்பது நம்மிற் பலர் கொண்டுள்ள எண்ணம். அவ்வெண்ணத்தோடு பிரெஞ்சு ஓவியர் கிளாடு மோனேயின் ‘மனப்பதிவு: கதிரவன் உதயம்’ என்னும் ஓவியத்தை அணுகுவோர் ஏமாற்றமே அடைவர்.

மோனே தம் கையொப்பத்தோடு 1872ஆம் ஆண்டினைக் குறித்த இவ்வோவியம், லெ ஆவ்ர் துறைமுகத்தின் விடியலைக் காட்டுவது. அரை மீட்டர் உயரமும் இல்லாதது. 1874இல் பாரிசுக் கண்காட்சியில் இது வைக்கப்பட்டபோது, லூயி லெருவா என்னும் பத்திரிகையாளர், சுவரில் ஒட்டும் தாள்கூட இதைவிட முழுமையுடையது என்னும் பொருள்பட எள்ளி எழுதினார். ஓவியத்தின் பெயரைக் கொண்டே அக்குழுவினரை ‘இம்ப்ரெஷனிஸ்டுகள்’ என்று பகடி செய்தார். பகடிப் பெயரே பின்னர் ஓர் இயக்கத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

‘முழுமையில்லை’ என்னும் குற்றச்சாட்டை ஆராயாமல் தள்ளுதல் முறையாகாது. கப்பற் பாய்மரங்களும் புகைபோக்கிகளும் இங்கே வெறுங் கீற்றுகளே. படகில் இருப்போருக்கு முகமில்லை. ஆயினும், விடியற்பனியினூடே நோக்கும் கண்ணுக்கு முகம் தெரியுமா? தெரியாததை வரையாது விட்டதை நாம் வாய்மை என்றே கொள்வோம்.

தொல்காப்பியம் முதற்பொருள் என வகுப்பது நிலத்தையும் பொழுதையும். ஓவியர் பலர் நிலத்தை வரைந்து, பொழுதை அதன்மேற் சாயமாகப் பூசுவர். மோனே பொழுதை வரைந்தார். நிலம் அதனுள் தோன்றியும் தோன்றாமலும் நிற்கிறது. அரபு அணியிலக்கணத்தார் ‘ஈஜாஸ்’ எனப் போற்றும் சுருக்கமும் இத்தகையதே. சொல் குறையலாம், பொருள் குறையலாகாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. செஞ்சுடராய்த் தோன்றும் கதிரவன், ஒளியளவில் சுற்றியுள்ள வானுக்கு ஏறத்தாழ நிகராகவே தீட்டப்பட்டுள்ளது. கருப்பு வெள்ளைப் படியில் அது மறைந்தேபோகும்! நிறம் ஒன்றினாலேயே அது சுடர்கிறது. கிறுக்கல் என்போர் இதற்கு விடை கூறவேண்டும்.

கருணாபுரத்தில் வாழும் நமக்குக் கடல் அண்மையில் இல்லை. மேற்கே கல்வராயன் மலை உண்டு. மார்கழி விடியலில் அது வானோடு கலந்த ஒரு நீலக் கறையாகவே தோன்றும். நம் பிள்ளைகளோ இரண்டு முக்கோணங்களை வரைந்து, நடுவே அரைவட்டச் சூரியனை வைத்து மதிப்பெண் பெறுகின்றனர். கண்டவாறே பனியை வரையும் பிள்ளையிடம், “மலை எங்கே?” என்று கேட்டுத் தாளைத் திருப்பித் தருவோரே மிகுதி. “இது எந்தப் பொழுதின் மலை?” என்று கேட்கும் ஆசிரியரும் பெற்றோரும் வாய்த்தால், அப்பிள்ளையின் கண் அவிந்துபோகாது.